ஆறுதல் எழுதத் தெரியாதவர்கள்

அந்த வாரப் பத்திரிகையைப் பலர் பின்பக்கத்திலிருந்துதான் பிரிப்பார்கள். கடைசிப் பக்கத்தில் 'கிச்சுகிச்சு' என்ற புனைபெயரில் ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார். பஸ்ஸில் படித்துவிட்டுத் தனியாகச் சிரித்ததால் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்துபோய்விட்டார் என்றெல்லாம் வாசகர்கள் எழுதுவார்கள். அவருக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

அந்தக் கிச்சுகிச்சுவுக்கு ஒருநாள் எழுத வரவில்லை. ஜலதோஷம் வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டார். ஜலதோஷம் வரவில்லை, எழுத்தும் வரவில்லை. பிறகு தூக்கம் போயிற்று, பசி போயிற்று, குளிக்கும் எண்ணம் போயிற்று. ஒரு காலில் சாக்ஸை மாட்டிக்கொண்டு, இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு, கட்டில் விளிம்பில் மத்தியானம் வரை உட்கார்ந்திருப்பார்.

அவருடைய மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி ஒன்றை நடத்திவந்தார். ஊரில் பாதிப்பேர் அவரிடம் திட்டு வாங்கித்தான் லைசென்ஸ் வாங்கியவர்கள். ஆரம்பத்தில் அவர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "புதுசா ஏதோ யோசிக்கிறார் போல" என்று விட்டுவிட்டார். ஒரு மத்தியானம் சாப்பிட வந்தவரிடம் கணவர், பால் பொங்கிவிட்டது என்று சொல்கிற குரலில், "நான் இல்லாட்டியும் நீ நல்லாத்தான் இருப்பே" என்றார்.

மனைவி தட்டை அப்படியே வைத்தார். வாசலில் காத்திருந்த மாணவரிடம், "இன்னிக்கு கிளாஸ் இல்ல, நாளைக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு, கணவரைப் பயிற்சிக் காரில் உட்காரவைத்து நேரே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப்போனார். வழியெல்லாம் கணவரின் கையை விடவில்லை. கியர் மாற்றும்போதும் அந்தக் கையோடு சேர்த்தே மாற்றினார்.

மூன்றாம் மாடியில் மனநல வார்டு. பணியில் இருந்த டாக்டர் வயதில் சிறியவர்.

"என்ன தொழில் பண்றீங்க?"

"நகைச்சுவை எழுத்தாளர்."

டாக்டர் அவர் முகத்தைப் பார்த்தார். ஒரு வாரத் தாடி, மாற்றிப் போட்ட பொத்தான், சுருங்கிய கண். தொழில் என்ற இடத்தில் எழுதிவிட்டுப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். கற்பனை வியாதியும் கொஞ்சம் கலந்திருக்கிறது என்று அவருக்குத் தோன்றிவிட்டது. மறுநாள் மனைவி பழைய இதழ்களை அள்ளிக்கொண்டு வந்து காட்டிய பிறகுதான் அந்தக் கேள்விக்குறி அடிக்கப்பட்டது. டாக்டர் இரண்டு இதழ்களைப் படிப்பதற்குக் கேட்டு வாங்கிக்கொண்டார். திருப்பித் தரவேயில்லை.

சில வாரம் கழித்துக் கிச்சுகிச்சு வீட்டுக்கு வந்தார். மாத்திரைகள் வேலை செய்யத் தொடங்கியிருந்தன. தூக்கம் வந்தது, வந்த தூக்கம் போகாமல் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தது. வாய் காய்ந்தது. வயிறு சட்டைக்கு முன்னால் நடந்தது. எழுத்து மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. பத்திரிகை ஆசிரியர் கடைசிப் பக்கத்தில் ஒரு சின்ன அறிவிப்புப் போட்டார்: 'கிச்சுகிச்சு உடல்நலமின்றி இருக்கிறார்.'

அதோடு தொடங்கியது கடித மழை.

வாசகர்களைவிட, விஷயம் காதில் விழுந்த சக எழுத்தாளர்கள்தான் அதிகம் எழுதினார்கள். ஊரையே சிரிக்கவைத்த நீங்கள் இப்படிச் சோர்ந்துபோகலாமா என்று பத்துப் பேர் கேட்டிருந்தார்கள். ஒரு கவிஞர் நீண்ட கவிதை அனுப்பினார். ஒவ்வொரு பத்தியின் முடிவிலும் சூரியன் உதித்தது. பயணக் கட்டுரை எழுதுகிறவர் உடனே ஒரு மலை ஏறச் சொன்னார். கிச்சுகிச்சுவால் கட்டிலைவிட்டு இறங்கவே முடியவில்லை. அவருடைய பதிப்பாளர், 'இந்த அனுபவத்தைச் சூட்டோடு சூடாக நாவலாக்கிவிடுங்கள். அட்டைப்படம் தயார்' என்று எழுதியிருந்தார்.

எல்லோரும் நல்லெண்ணத்தில்தான் எழுதினார்கள். ஆனால் ஒவ்வொரு கடிதத்தைப் படித்து முடித்ததும் அவர் போர்வையை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துக்கொண்டார். இவ்வளவு பேர் சொல்லியும் நாம் தேறவில்லையே என்று குற்றவுணர்ச்சி வேறு சேர்ந்துகொண்டது. கவிதைக்குப் பிறகு மூக்கு மட்டும்தான் வெளியே தெரிந்தது.

அப்போதுதான் பழுப்புக் கவரில் அந்தக் கடிதம் வந்தது. எழுதியவர் ஒரு நாவலாசிரியை. அவருடைய எல்லா நாவல்களும் சோகம். முதல் அத்தியாயத்தில் யாராவது இருமினால் வாசகர்கள் அப்போதே மூக்கைச் சிந்தத் தயாராகிவிடுவார்கள். பல வருடங்களுக்கு முன் கிச்சுகிச்சு தன் பக்கத்தில், இந்த அம்மாள் நாவலுக்குக் கூடவே ஒரு கைக்குட்டையையும் இலவசமாகத் தரவேண்டும் என்று எழுதியிருந்தார். அதிலிருந்து இலக்கிய வட்டாரத்தில் அவருக்குக் 'கைக்குட்டை' என்றே பெயர் நிலைத்துவிட்டது. இருவரும் நேரில் சந்தித்துப் பேசியதேயில்லை.

கடிதம் இப்படி இருந்தது:

'ஐயா, நீங்கள் எனக்குப் பிடித்த எழுத்தாளர் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் இருவருக்கும் நிம்மதி.

எந்த ஆஸ்பத்திரி என்று விசாரித்தேன். மூன்றாம் மாடி என்றார்கள். நானும் அங்கே இருமுறை இருந்திருக்கிறேன். ஜன்னலோரக் கட்டிலுக்கு ஒரு கால் குட்டை. அதற்கடியில் மடித்து வைத்திருக்கும் காகிதம் என் நாவலின் கடைசிப் பக்கம். நான்தான் வைத்தேன். என் எழுத்து ஒரு மனிதருக்கு நேரடியாகப் பயன்பட்டது அங்கே மட்டும்தான்.

எனக்கு உற்சாகப்படுத்தத் தெரியாது. என் நாவல்களில் யாராவது யாரையாவது உற்சாகப்படுத்தினால் அடுத்த அத்தியாயத்தில் ஒருவர் செத்துப்போவார். ஆகவே தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். வாய் காயும், தண்ணீரைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். குண்டாவீர்கள், பழைய சட்டைகளைக் கண்ணில் படாமல் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். காலைதான் மோசம். மத்தியானம் கொஞ்சம் தேவலை. சாயங்காலம், நாம் சும்மா நடிக்கிறோமோ என்று சந்தேகம் வரும். நடிக்கவில்லை. உங்களுக்கு அவ்வளவு நடிப்பு வராது. நீங்கள் மேடை ஏறிய நாடகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

நாளைக்கு ஒரு டம்ளரைக் கழுவுங்கள். ஒன்று போதும். இதற்குப் பதில் எழுதவேண்டாம்.

இப்படிக்கு, கைக்குட்டை.'

குளியலறையில் இருந்த மனைவி தலையில் சோப்பு நுரையோடு ஓடிவந்தார். "என்னங்க ஆச்சு? என்ன சத்தம்?"

"ஒண்ணுமில்ல. சிரிச்சேன்."

"இதுவா? ரொம்ப நாளா ஓட்டாத வண்டிய ஸ்டார்ட் பண்ற மாதிரி இருந்துச்சு!"

மனைவி கடிதத்தை வாங்கிப் படித்தார். நுரை வழிந்து கண்ணில் பட்டதா, வேறு ஏதாவதா தெரியவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்தம்மா கிட்ட நான் டிரைவிங் கத்துக்கணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் கிச்சுகிச்சு சமையலறைக்குப் போய் ஒரு கண்ணாடி டம்ளரைக் கழுவினார். கழுவி முடித்தபோது மலை ஏறி இறங்கினாற்போல் மூச்சு வாங்கியது. பதில் எழுதவேண்டாம் என்று சொன்ன பிறகு எழுதாமல் இருக்க எந்த எழுத்தாளரால் முடியும்? ஒரு தபால் அட்டையை எடுத்து எழுதினார்: 'டம்ளர் கழுவினேன். உடைந்துவிட்டது.'

மறுதபாலில் பதில் வந்தது: 'நல்லது. இனி அது அழுக்காகாது. நாளைக்கு ஸ்டீல் டம்ளர்.'

இப்படித்தான் அந்தக் கடிதப் போக்குவரத்து தொடங்கியது. டம்ளரிலிருந்து தட்டுக்கும், தட்டிலிருந்து பல் தேய்ப்பதற்கும், பல்லிலிருந்து குளியலுக்கும் நாவலாசிரியை அவரை மெல்ல நகர்த்தினார். எந்தக் கடிதத்திலும் சூரியன் உதிக்கவில்லை. 'இன்று எழ முடியாவிட்டால் எழவேண்டாம். படுத்துக்கொண்டே என்னைத் திட்டுங்கள். அதுவும் வேலைதான்' என்று எழுதுவார். கிச்சுகிச்சு உண்மையாகவே திட்டினார். உங்கள் வாக்கியங்கள் சவ ஊர்வலம்போல மெதுவாக நகர்கின்றன என்று எழுதினார். 'அப்படியென்றால் வழியில் யாரும் ஓவர்டேக் செய்யமாட்டார்கள்' என்று பதில் வந்தது. அதைப் படித்த அவர் ஒரு மணி நேரம் பொறாமையில் வெந்தார். பொறாமைப்படும் அளவுக்கு உடம்பில் தெம்பு வந்துவிட்டதை அவர் கவனிக்கவில்லை. மனைவி கவனித்தார்.

ஒருமுறை கிச்சுகிச்சு, 'இன்று குளித்தேன்!' என்று எழுதி அனுப்பினார். நாவலாசிரியை அதற்கு ஒரு முழுப் பக்கம் எழுதினார். 'குளித்ததற்கு வாழ்த்துகள். ஆனால் ஆச்சரியக்குறி எதற்கு? அது எழுத்தாளன் தன் முதுகில் தானே தட்டிக்கொள்வது. என் புத்தகங்கள் எதிலும் ஒன்றுகூடக் கிடையாது. ஒரு கதாநாயகிக்கு இரட்டைக் குழந்தை பிறந்தபோதுகூட நான் முற்றுப்புள்ளிதான் வைத்தேன்.'

நாளாக நாளாகக் கிச்சுகிச்சு தெருமுனைத் தபால்பெட்டி வரை போய்வரத் தொடங்கினார். அதற்கு மேல் போகமாட்டார். பெரிய சாலையைக் கண்டால் திரும்பிவிடுவார். வண்டிகளைவிட மனிதர்களிடம்தான் பயம். யாராவது பிடித்துக்கொண்டு, "இப்ப எப்படி இருக்கீங்க? எங்க, ஒரு ஜோக் சொல்லுங்க பாப்போம்" என்பார்கள். தபால்பெட்டி அப்படி எதுவும் கேட்பதில்லை.

திடீரென்று நாவலாசிரியையிடமிருந்து கடிதம் நின்றுபோயிற்று. கிச்சுகிச்சு மூன்று அட்டை போட்டும் பதில் இல்லை. பிறகு ஒருநாள் காலை, வாசல் பெட்டியில் நுழையாத அளவுக்குத் தடிமனான கவர் ஒன்று வந்தது. உள்ளே கட்டுக்கட்டாகத் தாள்கள். பச்சை மையில் ஒரு பக்கம், ஊதாவில் ஒரு பக்கம். ஓரங்களில் குறுக்கும் நெடுக்குமாகச் சிவப்பு.

'நண்பரே! வானம் இன்று எவ்வளவு நீலம்! இத்தனை நாள் கவனித்தீர்களா! நான் மூன்று நாவல்களை ஒரே நேரத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன்! தூக்கம் என்பது சோம்பேறிகள் பரப்பிய வதந்தி! மாத்திரைகளுக்கு விடை கொடுத்துவிட்டேன்! நாம் இருவரும் சேர்ந்து ஒரு பத்திரிகை தொடங்குகிறோம்! தினசரி!'

கிச்சுகிச்சு கடிதத்தை மனைவியிடம் நீட்டினார்.

மனைவி இரண்டு பக்கம் படித்துவிட்டு, "சந்தோஷமாத்தானே இருக்காங்க?" என்றார்.

"அதுதான் பயமா இருக்கு. இதுல எத்தனை ஆச்சரியக்குறி பாத்தியா? ரெட்டைக் குழந்தைக்கே முற்றுப்புள்ளி வெச்சவங்க." அவர் எழுந்து நின்றார். "நாம போகணும்."

"எங்க?"

"அவங்க வீட்டுக்கு."

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தார். தபால்பெட்டியைத் தாண்டாத மனுஷன். கடிதத்தில் பழகியவர்களிடம் முகவரிதான் இருக்கும். போன் நம்பர் இல்லை. மனைவி கார் சாவியை எடுத்தார். "சட்டையப் போடுங்க. இப்ப பல் டாக்டருக்கு கிளாஸ். அவரே ஓட்டட்டும், அந்தப் பக்கமா போயிடலாம். எனக்கு வேற வண்டி இல்ல."

பல் டாக்டர் ஐம்பது வயதுக்காரர். எத்தனையோ பேரின் கடைவாய்ப் பல்லைக் கண் இமைக்காமல் பிடுங்கியவர், ஸ்டீரிங்கைப் பிடித்ததும் வியர்த்துக் கொட்டுவார். தெருவில் நாய் படுத்திருந்தால் அது எழுந்து போகும்வரை காத்திருப்பார். அன்றைக்குப் பின்சீட்டில் ஒரு பிரபல எழுத்தாளர் பொத்தான் சேராத சட்டையோடு உட்கார்ந்து, "கொஞ்சம் சீக்கிரம் போங்க சார்" என்று அவசரப்படுத்தியது அவருக்கு இன்னும் கலக்கமாக இருந்தது.

"செகண்ட் கியர் போடுங்க டாக்டர்."

"பயமா இருக்கு மேடம்."

"உங்க நாற்காலியில உக்காந்தவங்க இதையே சொன்னா நீங்க என்ன சொல்வீங்க?"

"ஒரு நிமிஷந்தான், வலிக்காதுன்னு சொல்வேன்."

"வலிக்காதா?"

"வலிக்கும் மேடம்."

"அப்ப வலிச்சாலும் பரவால்ல, செகண்ட் போடுங்க."

கார் ஒரு துள்ளு துள்ளிப் பெரிய சாலையில் இறங்கியது. பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரனை அமுக்கிய அமுக்கில் டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். மனைவி தன் பக்கத்து பிரேக்கில் காலை ஊன்றி, "கண்ணத் திறங்க! வாயத் திறக்கச் சொல்ற ஆளு நீங்க, கண்ணத் திறக்க மாட்டேங்குறீங்க!" என்று கத்தினார். கிச்சுகிச்சு முன்சீட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "இடதுபக்கம், இடதுபக்கம்" என்று வழி சொல்லிக்கொண்டே வந்தார். ஊரைப் பாதி தாண்டிய பிறகுதான், தான் பெரிய சாலையில் வந்துகொண்டிருப்பது அவருக்கு உறைத்தது. பயப்படலாமா என்று யோசித்தார். பல் டாக்டர் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பயந்துகொண்டிருந்ததால் விட்டுவிட்டார்.

நாவலாசிரியையின் வீடு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில் இருந்தது. கடை அவருடைய தம்பியுடையது. தம்பி ஒரு வாடிக்கையாளரின் மூக்கில் கண்ணாடியைப் பொருத்திக்கொண்டிருந்தார்.

"அக்காவப் பாக்கணுமா? தாராளமா போங்க சார். அக்கா இப்ப ரொம்ப நல்லா இருக்காங்க. பாட்டெல்லாம் பாடுறாங்க. சுவத்துக்கு மஞ்சள் பெயின்ட் அடிக்கிறாங்க."

"தூங்குறாங்களா?"

தம்பியின் முகம் மாறியது. "அது... ராத்திரி நடக்குற சத்தம் கேட்டுட்டேதான் இருக்கு. எத்தனையோ வருஷம் கழிச்சு சிரிக்கிறாங்க சார். அத நான் எப்படி வேணாம்னு சொல்றது?"

கிச்சுகிச்சு தம்பியின் தோளைத் தட்டிவிட்டு மாடி ஏறினார். மனைவியும் தம்பியும் படியிலேயே நின்றுகொண்டார்கள்.

அறையில் கால் வைக்க இடமில்லை. தரையிலும் நாற்காலியிலும் கட்டிலிலும் எழுதிய தாள்கள். பாதிச் சுவர் மஞ்சளாக இருந்தது. மீதிப் பாதியில் பெயின்ட் போதாமல் தாள்களை ஒட்டியிருந்தார். நடுவில் குட்டையாக, மெலிந்து, கன்னத்தில் பெயின்ட்டும் விரலில் மையுமாக ஒரு பெண்மணி நின்றிருந்தார். கண்கள் பளபளவென்று இருந்தன. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"வாங்க வாங்க! உங்களத்தான் நெனச்சேன்! ஒல்லியா இருப்பீங்கன்னு நெனச்சேன்!"

"மாத்திரை."

"விட்டுடுங்க! நான் விட்டுட்டேன்! எல்லாம் அந்தக் கதாநாயகியால வந்தது. பழைய நாவல் ஒண்ணு முடிக்கணும், அதுல அவ சாகணும். மாசக்கணக்கா படுக்கையில கெடக்கா, சாகவே மாட்டேங்குறா! எனக்கு அழுகை வந்தாத்தான் கொல்ல முடியும். மாத்திரை போட்டா அழுகை வரமாட்டேங்குது. அதான் தூக்கிப் போட்டுட்டேன்!"

"இப்ப அழுகை வருதா?"

நாவலாசிரியையின் குரல் முதல்முறையாகத் தாழ்ந்தது. "இல்ல. சிரிப்பா வருது. நேத்து அவளோட உயிர் போற நேரத்துல, எந்திரிச்சு உக்காந்து காபி கேக்குறா."

"குடுத்தீங்களா?"

"ரெண்டு கப்!"

கிச்சுகிச்சு கட்டில்மேல் கிடந்த தாள்களை ஒதுக்கி உட்கார்ந்தார். "பேனாவக் குடுங்க. நான் கொல்றேன்."

"நீங்களா?"

"நான் உங்கள மாதிரி இல்ல. எனக்கு அழாமலே கொல்லத் தெரியும்."

அவர் எழுதத் தொடங்கினார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு, கடிதமல்லாத ஒன்றுக்காகப் பேனா தாளில் ஓடியது. அது அப்போது அவருக்கே தெரியாது. ஒரு பெண்ணைக் கொல்லும் அவசரத்தில் இருந்தார். எழுத எழுத வாசித்தார். உறவினர்கள் கட்டிலைச் சுற்றி நிற்கிறார்கள். கதாநாயகி கண்ணை மூடுகிறாள். எல்லோரும் அழ வாயைத் திறக்கிறார்கள். அவள் கண்ணைத் திறந்து, ஃபேனை யார் நிறுத்தியது என்று கேட்கிறாள். மறுபடி மூடுகிறாள். மறுபடி வாய்கள் திறக்கின்றன. சித்தப்பா செருப்பைத் தேடும் சத்தம் கேட்டு, கட்டிலுக்கடியில் பாருங்கள் என்கிறாள். கடைசியில் உறவினர்கள் களைத்துப்போய் ஒவ்வொருவராக அங்கேயே தூங்கிவிடுகிறார்கள். அவள் எழுந்து எல்லோருக்கும் போர்த்திவிடுகிறாள்.

நாவலாசிரியை விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகும் சிரிப்பு நிற்கவில்லை. நிற்காமலே வேறு ஏதோவாக மாறியது. தாள்களுக்கு நடுவில் முழங்காலைக் கட்டிக்கொண்டார்.

"எனக்குத் தூக்கமே வரல. தலைக்குள்ள எல்லாரும் ஒரே நேரத்துல பேசுறாங்க. யாரையும் உக்கார வைக்க முடியல."

"தெரியுது. வாங்க, மூணாம் மாடிக்குப் போகலாம்."

"நாவல் முடியலையே."

"அவதான் மாசக்கணக்கா படுத்திருக்கா. இன்னும் கொஞ்ச நாள் படுத்திருக்கட்டும். நீங்களும் கொஞ்சம் படுங்க."

நாவலாசிரியை நிமிர்ந்து பார்த்தார். "உங்களுக்கு ஆறுதலா நாலு வார்த்தை சொல்லத் தெரியாதா?"

"தெரியாது. உங்ககிட்ட கத்துக்கிட்டவன்தானே."

திரும்பும்போது மனைவியே ஓட்டினார். தம்பி முன்சீட்டில் கடைச்சாவியை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின்சீட்டில் நாவலாசிரியை நடுவில். ஒரு பக்கம் கிச்சுகிச்சு, இன்னொரு பக்கம் பல் டாக்டர். நாவலாசிரியை வழியெல்லாம் பல் டாக்டரிடம் மூச்சுவிடாமல் பேசினார். பல் மருத்துவர்களை வைத்து மூன்று தலைமுறைக் கதை ஒன்று எழுதப்போவதாகச் சொன்னார். டாக்டர் பொறுமையாக, "அப்படியா அம்மா, அப்படியா" என்று கேட்டுக்கொண்டே வந்தார். பின்சீட்டில் உட்கார்ந்தபோது அவருக்கு எந்தப் பயமும் இல்லை.

ஆஸ்பத்திரியில் அதே சின்ன வயது டாக்டர். விவரத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மாத்திரையால அழுகை வரலன்னு சொல்லியிருந்தா அளவ மாத்திப் பாத்திருப்பேனே. ஏம்மா சொல்லல?"

"அழுகை வரலன்னு யாராவது டாக்டர்கிட்ட வந்து புகார் குடுப்பாங்களா?" என்றார் நாவலாசிரியை.

டாக்டர் யோசித்துப் பார்த்துவிட்டு, "நியாயந்தான்" என்று ஒப்புக்கொண்டார்.

இப்போது கடிதம் எழுதவேண்டிய முறை கிச்சுகிச்சுவுடையது. முதல் வாரம் எழுதிக் கிழித்தார், எழுதிக் கிழித்தார். ஒரு வரைவில் தன்னையறியாமல் சூரியன் உதித்துவிட்டதைப் பார்த்துத் திடுக்கிட்டார். பிறகு ஒரு காரியம் செய்தார். நாவலாசிரியையின் நாவல்கள் எல்லாவற்றையும் நூலகத்திலிருந்து எடுத்துவரச் செய்து படித்தார். கேலி செய்வதற்காகப் புரட்டியதுண்டே தவிர, அவற்றை அவர் முழுதாகப் படித்ததில்லை. படித்து முடித்து எழுதினார்:

'அம்மா, உங்கள் மூன்றாவது நாவலில் அந்தத் தையற்காரி தன் மகனுக்குத் தைத்த சட்டையைப் பிரித்துப் பிரித்துத் திரும்பத் தைக்கிற இடத்தில் நான் அழுதுவிட்டேன். நானும் வேளை தவறாமல் மாத்திரை விழுங்குகிறவன். ஆகவே பழி மாத்திரையின் மேல் மட்டும் இல்லை. உங்கள் கதாநாயகிக்குச் சாக இஷ்டமில்லை, அவ்வளவுதான். கட்டாயப்படுத்தாதீர்கள். இன்று ஒரு டம்ளரும் கழுவவேண்டாம். அங்கே நர்ஸ் கழுவுவார். இதற்குப் பதில் எழுதவேண்டாம்.'

ஒரு வாரம் கழித்துக் கறுப்பு மையில் பதில் வந்தது. நடுங்கிய கையெழுத்தில் இரண்டே வரி. 'அந்த இடத்தில் அழாதவர்கள் மிருகங்கள். தூங்கினேன்.'

முற்றுப்புள்ளியைப் பார்த்துக் கிச்சுகிச்சுவுக்கும் மனைவிக்கும் வாயெல்லாம் பல்.

தேறிவர நாவலாசிரியைக்குப் பல மாதங்கள் பிடித்தன. மாத்திரையின் அளவு இருமுறை மாறியது. நாவல் கடைசியில் வெளிவந்தது, கதாநாயகி சாகவில்லை. வாசகர்கள் கொதித்துப்போனார்கள். 'முந்நூறு பக்கம் காத்திருந்தேன், இப்படி ஏமாற்றிவிட்டீர்களே' என்று ஒருவர் எழுதினார். கிச்சுகிச்சு கடைசிப் பக்கத்துக்குத் திரும்பினார். முதல் சில வாரங்கள் படித்தவர்களுக்குச் சிரிப்பே வரவில்லை. ஆனாலும் ஆசிரியர் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் போட்டார். சில காலைகளில் இன்னும் சாக்ஸ் கையிலேயே நின்றுவிடுகிறது. அன்றைக்கு மனைவி வகுப்புக்குப் போகுமுன் அதை வாங்கி மாட்டிவிட்டு, "நியூட்ரல்ல இருங்க, நான் வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டுப் போவார்.

இரண்டு எழுத்தாளர்களும் மாதாமாதம் டாக்டரைப் பார்க்க ஒரே நாளில் வருவதென்று ஏற்பாடு செய்துகொண்டார்கள். அப்படி வந்திருந்த ஒருநாள் மூன்றாம் மாடி நர்ஸ் அவர்களைத் தேடிக்கொண்டு கான்டீனுக்கே வந்துவிட்டார்.

"உங்க ரெண்டு பேரையும் ஒண்ணு கேக்கணும். வார்டுக்கு ஒருத்தர் வந்திருக்கார். யார்கிட்டயும் பேசமாட்டேங்குறார். அவரும் எழுத்து சம்பந்தப்பட்டவராம். நீங்க ஒரு கடிதம் எழுதினீங்கன்னா..."

"யாரு?" என்றார் நாவலாசிரியை.

நர்ஸ் பெயரைச் சொன்னார். இருவரும் டீ கிளாஸைக் கீழே வைத்தார்கள். அவர் ஊரறிந்த விமர்சகர். கிச்சுகிச்சுவின் பக்கத்தைத் 'தும்மலுக்கு நிகரான இலக்கியம்' என்றும், நாவலாசிரியையின் எழுத்தை 'ஈரத் துணி' என்றும் எழுதியவர்.

"நீங்க எழுதுங்க" என்றார் கிச்சுகிச்சு.

"ஏன், நீங்க எழுதுங்களேன். தும்மல்தானே."

பிறகு நாவலாசிரியை பையைத் திறந்து தாளை எடுத்தார். நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டு இருவருமே எழுதத் தொடங்கினார்கள். முதல் வரிக்கே சண்டை வந்தது. 'அன்புள்ள' என்று போடலாமா கூடாதா என்று டீ ஆறும்வரை வாதாடினார்கள். கடைசியில் 'ஐயா' என்று போட்டார்கள். வாய் காயும் என்றும், காலைதான் மோசம் என்றும், நடிக்கவில்லை என்றும் எழுதினார்கள். திட்டவேண்டும்போல் இருந்தால் தங்களைத் திட்டலாம், பழக்கம்தானே என்று சேர்த்தார்கள்.

அடுத்த முறை போனபோது நர்ஸ் அந்தக் கடிதத்தையே திருப்பிக் கொடுத்தார். வரிக்கு வரி சிவப்பு மையில் திருத்தியிருந்தது. இரண்டு ஒற்றுப் பிழை, ஒரு தேவையில்லாத உவமை, ஓரத்தில் 'நீளம்' என்று ஒரு குறிப்பு.

"கோச்சுக்காதீங்க" என்றார் நர்ஸ். "ஆனா ஒண்ணு சொல்லணும். வந்ததுலேருந்து அவரு வாயத் திறந்து கேட்ட முதல் பொருள் பேனாதான்."

இருவரும் அன்றைக்கே அடுத்த கடிதத்தை எழுதினார்கள். அதில் வேண்டுமென்றே நாலைந்து பிழைகளை விட்டார்கள். எங்கே விடுவது, அவர் கண்ணில் படுமா படாதா என்று பேசிக்கொண்டிருந்தார்கள், கான்டீன்காரர் வந்து, "மேஜையத் துடைக்கணும், எந்திரிங்க" என்று சொல்லும்வரை.